உடன் வந்தவர் சொன்னது

அவைக்குத் தலைமையேற்று, சற்றுமுன் "சுருக்கமா முடிச்சிடுங்கம்மா" என்று என் காதோடு அன்பாய் மிரட்டிய தலைவர் அவர்களே, மூன்று மாடிகளையும் முந்நூறு தலைவலிகளையும் ஒரே தோளில் சுமக்கும் எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, நரை வந்தும் நகை குறையாத முன்வரிசைப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பாதி மனத்தோடும் இவள் என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்று மீதி மனத்தோடும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி காலியாய்க் கிடந்தும் சுவரில் சாய்ந்து நிற்பதையே சுகமென்று கொண்ட இளைஞர் பட்டாளமே, உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

நான் மருத்துவர் அல்ல, மேதை அல்ல, மேடை கண்டவளும் அல்ல. வெளிநோயாளர் சன்னலில் பதினான்கு ஆண்டுகளாய்ச் சீட்டு எழுதுகிறவள். உங்களில் பாதிப்பேரின் வயது எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள் அக்கா, சொல்ல மாட்டேன்.

இளையோருக்கான மனநலப் பிரிவு நாளை திறக்கப் போகிறது. அதைப் பற்றிப் பேச எத்தனையோ அறிஞர்கள் இருக்க, என்னை ஏன் மேடை ஏற்றினார்கள்? ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறைத்தான் உங்கள் முன் அவிழ்த்து வைக்க வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் இளைஞர்களிடையே ஒரு விசித்திர நோய் பரவியது. பல்வலி. காலையில் பல்வலி, கல்லூரி விட்டால் பல்வலி, தேர்வு நெருங்கினால் தாங்க முடியாத பல்வலி. பல் மருத்துவர் கதவைத் திறந்து பார்ப்பார். பெஞ்சில் இருபது பேர் இருப்பார்கள். "அடுத்து யாரு?" என்பார். யாரும் எழ மாட்டார்கள். என்ன காரணம்? பக்கத்து அறை மனநல மருத்துவருடையது. அந்தக் கதவு முன் உட்கார வெட்கப்பட்டவர்கள் இந்தக் கதவு முன் உட்கார்ந்து, நடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சட்டென்று நழுவி உள்ளே போவார்கள். பின்வரிசையில் சிரிக்கிற தம்பி, நீயும் அந்தப் பெஞ்சில் இருந்தாயா? பதில் வேண்டாம். நானும் ஒருமுறை இருந்திருக்கிறேன்.

அப்படிப் பல்வலி என்று சொல்லிக்கொண்டு ஒருநாள் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பத்தொன்பது வயது. சட்டை தைக்கும் கூடத்தில் வேலை. நாளொன்றுக்கு இருநூறு காலர் தைப்பாள். அதனால் கூடத்தில் அவளுக்குப் பெயரே 'காலர்'. பிறவியிலிருந்தே காது கேளாதவள். தாய் அதே கூடத்தில் சட்டைகளைத் தேய்த்து மடிப்பவர்.

பல் மருத்துவர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவரே எழுந்து வந்து என் சன்னலில் சீட்டை நீட்டினார். "பல்லு எல்லாம் முத்து மாதிரி இருக்கும்மா. ஆளுதான் சரியா இல்ல. பக்கத்து ரூமுக்கு மாத்தி எழுதுங்க" என்றார்.

மாற்றி எழுதினேன். "பொண்ணுக்கு என்ன செய்யுதும்மா?" என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன்? தாயிடம். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கா. சாப்பாடுதான் இறங்க மாட்டேங்குது. வேலைக்குப் போக மாட்டேங்கறா. சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கா" என்றார். எழுதினேன். பெயருக்குப் பக்கத்தில் 'பேச இயலாதவர்' என்றும், கீழே வழக்கமாய் எழுதும் மூன்று சொற்களையும் எழுதினேன்: 'உடன் வந்தவர் சொன்னது'. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்கு நேரமில்லை. வரிசை நீளமாக இருந்தது.

உள்ளேயும் அதே கதைதான். டாக்டரம்மா மகளிடம் கேட்டார், தாய் பதில் சொன்னார். ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் அவள் தனியாக வந்தாள். ஒரு துண்டுக் காகிதத்தை என் சன்னலுக்குள் நகர்த்தினாள். நான்கே சொற்கள். 'அம்மா வேண்டாம். டாக்டர் வேண்டும்.' 

நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்னம்மா வேணும்?" என்று சத்தமாகக் கேட்டேன். அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். இன்னும் சத்தமாகக் கேட்டேன். காது கேளாதவரிடம் கத்திப் பேசும் அறிவாளிகளின் சங்கத்துக்கு அன்று நானே தலைவி. 

அந்தச் சத்தத்தில்தான் லிஃப்ட் இயக்கும் அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருடைய தாய் தந்தை இருவருமே காது கேளாதவர்கள். வாய் பேசப் பழகுமுன்பே அவர் கை பேசப் பழகியது. லிஃப்டைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்து, அவள் முன் நின்று, இரண்டு கைகளையும் அசைத்தார்.

அவையோரே, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்? கல் போல நின்ற பெண்ணின் கைகள் எழுந்தன. தயங்கின. பிறகு கரை உடைந்த வெள்ளமாய்ப் பாய்ந்தன. அண்ணன் "மெதுவா, மெதுவா" என்று வாயாலும் கையாலும் கெஞ்சினார். அவளோடு சைகையில் பேச இந்த ஊரில் ஒரே ஒரு தோழி இருந்தாளாம், பக்கத்துத் தையல் இயந்திரத்தில். அவள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். ஏழு மாதமாய் இவள் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. ஏழு மாதம். நம்மில் யாராவது ஏழு மணி நேரம் இருந்திருக்கிறோமா?

அம்மா இல்லையா என்று கேட்பீர்கள். அம்மாவுக்குத் தெரிந்த சைகைகள் மொத்தம் நாற்பது இருக்கும். சாப்பிடு, தூங்கு, குடை எடுத்துக்கொள், நேரமாகிவிட்டது. வயிற்றுக்குச் சைகை உண்டு, வானிலைக்குச் சைகை உண்டு, வருத்தத்துக்கு அந்த நாற்பதில் சைகை இல்லை. எழுதிக் காட்டலாமே என்பீர்கள். ஆறாம் வகுப்போடு நின்ற பெண். சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் உதடுகள் பாதி நேரம் கரும்பலகையைப் பார்த்தே பேசின. அவள் என்ன எழுதுவாள்?

அண்ணன் அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். உள்ளே பேசியது உள்ளேயே இருக்கிறது. ஒன்றே ஒன்றை மட்டும் மேடையில் சொல்லலாம் என்று அவளே எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். ஏன் அம்மா இல்லாமல் வந்தாய் என்று டாக்டரம்மா கேட்டபோது அவள் கைகளால் சொன்னாளாம்:

"செத்துடலாம்னு தோணுது, அதை உங்ககிட்ட சொல்லணும். ஆனா அதை எங்க அம்மா வாயாலயே எப்படிச் சொல்ல வைப்பேன்?"

தாய்மார்களே, தன் உயிரே பாரமான நேரத்திலும் தாயின் நாவைக் காத்த அந்தப் பிள்ளையை, 'பேச இயலாதவர்' என்று என் கையால் எழுதியிருந்தேனே.

அன்றே சரியான சிகிச்சை தொடங்கியது. அன்றே வேறொன்றும் தொடங்கியது. இருபத்திரண்டு நிமிடம் லிஃப்ட் நின்றுபோனதால், நம் கண்காணிப்பாளர் மூன்று மாடியும் படியேறி இறங்கி, மூச்சிரைக்க வந்து நின்றார். தலைவர் சிரிக்கிறார், அவர் சிரிக்கவில்லை பாருங்கள். "லிஃப்ட் ஏன் நின்னுது?" என்றார். டாக்டரம்மா நடந்ததைச் சொல்லி, சைகை மொழி தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்.

"அதான் இவர் இருக்காரே" என்று கண்காணிப்பாளர் லிஃப்ட் அண்ணனைக் காட்டினார்.

அண்ணன் தலையசைத்தார். "கை ஆட்டுவேன் சார். ஆனா நாளைக்கு அந்தப் பொண்ணு என் லிஃப்ட்ல ஏறும்போது, எதுவும் தெரியாதவன் மாதிரி நிக்கணும். அது எனக்கு வராது. முறையா படிச்சவங்க, ரகசியம் காக்கத் தெரிஞ்சவங்க வேணும். பொம்பளையா இருந்தா அவளுக்கு இன்னும் நல்லது" என்றார்.

"அப்படி ஒரு பணியிடமே இல்லையேப்பா" என்றார் கண்காணிப்பாளர். அவர் மேல் குற்றமில்லை. கேட்டால்தானே இடம் இருக்கும்? நாம் யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து நான்கு நாள், சாப்பாட்டு நேரத்தில் பழைய சீட்டுகளைக் கட்டுக்கட்டாய்ப் பிரித்தேன். காது கேளாத இளையவர்கள், மனநல அறைக்கு ஒரே ஒருமுறை வந்து, மறுபடி வராதவர்கள். மூன்றாண்டில் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு சீட்டிலும் 'உடன் வந்தவர் சொன்னது'. முப்பத்தொன்றும் என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லோரும் பாராட்டுவார்கள். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்குக் கூசியது.

கொண்டுபோய்க் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாய் வாசித்தார். ஒன்பதாவது சீட்டில் நிறுத்தினார்.

"இவங்க எல்லாம் இப்ப எங்கம்மா இருக்காங்க?"

"தெரியல சார்."

அவர் என் பேனாவையே வாங்கி மேலிடத்துக்கு எழுத ஆரம்பித்தார். சைகை மொழி தெரிந்தவருக்கு ஒரு பணியிடம் தருகிறோம் என்று அந்தக் கடிதத்துக்குப் பதில் வர மூன்று மாதம். அதற்கு மூன்று நினைவூட்டல். அந்த மூன்று மாதமும், காது கேளாதோர் பள்ளியின் சைகை மொழி ஆசிரியை சனிக்கிழமைதோறும் தானாக வந்து உதவினார்.

முதல் சனிக்கிழமை தாயும் வந்தார். "நீங்க வெளியில உக்காருங்கம்மா" என்றேன். அவர் முகம் சிவந்தது.

"பத்தொம்பது வருஷமா நான்தாம்மா அவளுக்கு வாய். பெத்தவளை வெளியில நிறுத்திட்டு யாரோ உள்ள போறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

சன்னலை மூடிவிட்டு, வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க தப்பு பண்ணலம்மா. நீங்க உங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கீங்களா?" என்றேன்.

யோசித்தார். லேசாய்ச் சிரித்தார். "எங்க சொன்னேன்" என்றார். அன்று வரிசை என்னைத் திட்டியது. திட்டட்டும்.

எட்டு மாதம் ஆனது. மாத்திரை உண்டு, பேச்சு உண்டு. நல்ல நாளும் உண்டு, எழுந்திருக்கவே முடியாத நாளும் உண்டு. ஆனாலும் 'காலர்' வேலைக்குத் திரும்பினாள். தாயோ மூன்றாம் மாதமே அதே ஆசிரியையிடம் சைகை வகுப்பில் சேர்ந்திருந்தார். தேய்ப்புச் சூட்டில் காய்த்த விரல்கள் ஐம்பது வயதில் புது மொழி பழகின. முதல் வாரம் 'உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன்' என்று சொல்லப் போய், 'உன்னை நினைத்துக் கொட்டாவி விடுகிறேன்' என்று சொல்லிவிட்டாராம். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். பத்து மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

முப்பத்தொரு பேருக்கும் கடிதம் போட்டோம். 'இனி நீங்களே சொல்லலாம், வாருங்கள்' என்று. பதினேழு பேர் வந்தார்கள். மற்றவர்களைத் தேடுவதை நாங்கள் நிறுத்தவில்லை.

எனவேதான் கேட்கிறேன். மருந்து இருந்தால் போதுமா? மருத்துவர் இருந்தால் போதுமா? மாடி மேல் மாடி இருந்தால் போதுமா? அதற்குள் வருகிற பிள்ளை தன் துயரத்தைத் தன் மொழியில் தானே சொல்ல வழி வேண்டாமா? திக்கிப் பேசுகிறவனின் வாக்கியத்தை நாம் முடித்துவைக்கலாமா? வேறு மொழி பேசும் வீட்டுப் பெண்ணிடம் 'புரிகிற மாதிரி சொல்லு' என்று அதட்டலாமா? முன்பெல்லாம் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு என் சன்னல் எட்டவே எட்டாது. அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் உச்சந்தலை மட்டும் தெரியும். தச்சர் வந்து சன்னலை அறுத்து இறக்கிவிட்டார். இப்போது நான் குனிந்து எழுதுகிறேன். குனிந்ததால் எனக்கு எதுவும் குறையவில்லை, முதுகுவலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

புதிய பிரிவு மாலை நான்கு முதல் ஏழு வரை. ஏன் மாலை? மனம் சரியில்லை என்பதற்காக ஒரு பிள்ளை மேலாளரிடம் பொய் சொல்லி விடுப்பு வாங்க வேண்டாம் என்பதற்காக. பலகையைக் கடைக்கோடியில் மாட்டவில்லை, தலைவாசலில் மாட்டியிருக்கிறோம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்காகப் பேசியது போதும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பேசும்போது பக்கத்தில் இருங்கள். வெளியே இருக்கச் சொன்னால், கோபம் இல்லாமல் வெளியேயும் இருங்கள். துணைக்கு நான் வந்து உட்காருகிறேன்.

போன வாரம் அந்தத் தாய் என் சன்னலுக்கு வந்தார். முகத்தில் ஒரே சலிப்பு. "என்ன மொழியைம்மா சொல்லிக்கொடுத்தீங்க? எது சொன்னாலும் எதிர்த்து எதிர்த்துப் பேசுறா. நேத்து சோறு ஆறுற வரைக்கும் சண்டை. விளக்கை அணைச்சேன், மறுபடி போட்டுட்டு வந்து பேசுறா" என்றார். சொல்லச் சொல்ல அந்தச் சலிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கண் இரண்டும் நிறைந்து வழிந்தது. "நிறைய பேசுறாம்மா. என் பொண்ணு நிறைய பேசுறா" என்றார்.

நம் ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு சண்டை நடக்கட்டும்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், அடுப்பை மறந்த தாய்மாருக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் மணியடிக்காத தலைவருக்கும் நன்றி. நாளை நான்கு மணிக்குச் சன்னல் திறக்கும். வருகிறவரின் கண்ணைப் பார்த்து, முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "உனக்கு எப்படிச் சொன்னா வசதிம்மா?" 

வாருங்கள். வணக்கம்.