பின்பக்க இடது டயர்

காற்று விஷயத்தில் நான் கண்டிப்பான ஆள், சார். ராஸ் அல் கைமாவில் பதினான்கு வருடமாக டயர் கடையில் நிற்கிறேன். மரியராஜ் கை வைத்த டயரை யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. நீங்கள் இதையெல்லாம் அரபியில் மாற்றி எழுத வேண்டும் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன்.

ஈத் லீவில் லிவாவுக்குத் தெற்கே பாலைவன மணல் தடத்தில் போய்வரலாம் என்றது என் மனைவி அற்புதராணி. கிளினிக்கில் நர்ஸ், அவளுக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். அந்தத் தடத்தில் ஒற்றை வண்டியாகப் போகக் கூடாது. ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும். அதனால் டெனிஷையும் அவன் வண்டியோடு கூப்பிட்டோம்.

டெனிஷ் எங்கள் ஊர்க்காரன், குளச்சல். அவனுக்கு விசா பார்த்துக் கொடுத்தவன் நான். மணலில் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். இப்போது புது வண்டி வைத்திருக்கிறான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவன் வாயைத் திறந்தால் என் மனைவி சிரிப்பாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவர்களுக்குள் வேறொன்றும் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிப்புக்கு எப்படிச் சண்டை போடுவது? எனக்குப் பொறாமை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மணலில் இறங்கும்முன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவோம். தார் ரோடு ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். அடிக்காமல் வேகமாகப் போனால் சூட்டில் டயர் கிழிந்துவிடும். இரண்டு நாள் சுற்றினோம். முன்னால் போய்த் தடம் பார்த்தது நான். சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் அவன் பேசினான், அவள் சிரித்தாள்.

தார் ரோடு வந்ததும் கம்ப்ரசரை எடுத்தேன். என் வண்டிக்கு நான்கு டயர். அவன் வண்டிக்கு மூன்று. பின்பக்க இடது டயரின் வால்வு மூடியைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன், அவ்வளவுதான். அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தால் போதும் என்றிருந்தது.

"காத்து அடிச்சாச்சாண்ணே? இஞ்ச டயருக்க மஞ்ச லைட்டு எரியுதே."

"அடிச்சாச்சி மக்கா. கொஞ்சம் ஓடினாத்தான் லைட்டு அணையும்."

நம்பினான். அப்போதுதான் அற்புதராணி பையோடு என் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"நம்ம ஏசி ஒண்ணுக்கும் கொள்ளாது. நான் டெனிஷுக்க வண்டியில வாறேன்."

நேரம் இருந்தது, சார். ஒரு டயர் விட்டுப்போச்சு என்று சொன்னால் இரண்டு நிமிட வேலை. ஆனால் டெனிஷ் என்ன சொல்வான் என்று எனக்கு அப்போதே கேட்டுவிட்டது. 'டயர் கடைக்காரருக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியலியே மைனி.' அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சொல்லவில்லை.

இருபதாவது கிலோமீட்டரில் அந்த வண்டி மூன்று முறை உருண்டது. பின்னாலேயே வந்ததால் முழுவதும் பார்த்தேன். டெனிஷுக்குக் கை மட்டும் ஒடிந்தது. அவளை வெளியே எடுத்தது நான். மூச்சு இல்லை.

தெரிந்தே மனைவியைச் சாகவிட்டேன் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் ஏறி உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டது நான்தான். பெண்டாட்டி மேல் பாசமில்லாதவன் அதைச் செய்வானா, சார்?