எந்தப் பேருக்கு ஆட்கள் வருவார்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஜனாஸா நலன்புரிச் சங்கத் தலைவர் அவர்களே, மர்ஹூம் நூஹு அவர்களுடன் கல்முனை பஸ் டிப்போவில் ஒன்றாகக் கடமையாற்றிய, பாண்டிருப்பிலிருந்து வந்திருக்கும் பெரியவர் நல்லரெத்தினம் அவர்களே, திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சகோதரிகளே, அந்தப் பக்கம் இருக்கும் சகோதரர்களே, உங்கள் அனைவருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பெற்றவர்கள் யோசித்து, பெரியவர்களிடம் கேட்டு, ஏழாம் நாள் ஆடு அறுத்து வைக்கிற பெயர் ஊரின் நாக்கில் நிற்பதில்லை. யாரோ ஒருவர் ஒரு மத்தியானத்தில் யோசிக்காமல் சொன்ன சொல் நின்றுவிடுகிறது. சாகும்வரை நிற்கிறது, செத்த பிறகும் பிள்ளைகளின் தலையில் நிற்கிறது. ஏன்? எனக்கு விடை தெரியாது. இந்த உரை முடியும்போதும் தெரிந்திருக்காது. விடையை எதிர்பார்த்து யாரும் காத்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு நூஹு காக்காவைப் பற்றிப் பேச முடியாது. அவருக்கு ஊர் வைத்த பெயர் என்னவென்று இந்த மண்டபத்தில் தெரியாதவர் இருக்கிறீர்களா? இல்லை. அவருடைய மகள் நஸ்லா முன்வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே அந்தப் பெயரை இங்கே சொல்கிறேன். இன்னொருக்கா. கல்முனை பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த காலத்தில் இன்னொருக்கா. ஓய்வு பெற்ற பிறகு சாய்ந்தமருதில் எங்கள் பள்ளிவாசலின் ஜனாஸா அறிவித்தல்களை, மரணச் செய்திகளை, மைக்கில் சொன்ன காலத்திலும் இன்னொருக்கா. முகத்துக்கு முன்னால் காக்கா, முதுகுக்குப் பின்னால் இன்னொருக்கா.

அந்தப் பெயர் எப்படி வந்தது? நல்லரெத்தினம் ஐயா ஒரு கதை சொல்கிறார். சவளக்கடைக்குப் போகவேண்டிய, காது மந்தமான ஒரு மூதாட்டிக்கு பஸ் நிற்கும் இடத்தை நூஹு காக்கா மைக்கில், “இன்னொருக்கா சொல்றன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். கடைசியில் அந்த அம்மா, “நீ எத்தின தரம் சொன்னாலும் எனக்குக் கேக்காது மகன், கொண்டுபோய் ஏத்திவிடு” என்றாராம். நூஹு காக்காவின் மைத்துனர் ஸஹீத் வேறு கதை சொல்கிறார். காக்காவின் நிக்காஹ் அன்று சபையில் ஏற்றுக்கொள்ளும் வாசகத்தைச் சொல்லவேண்டிய நேரத்தில், மாப்பிள்ளை பதற்றத்தில், “இன்னொருக்கா செல்லுங்க” என்று திரும்பச் சொல்லக் கேட்டாராம். மூன்றாவது கதை ஒன்றும் உண்டு. அவர் ஒரே பரீட்சைக்குப் பல தடவை தோற்றினார் என்பது அது. அதுதான் நஸ்லா படித்த வகுப்பறைவரை வந்த கதை. “இன்னொருக்காட மகள், நீயும் இன்னொருக்கா எழுதப்போறியா?” என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றையும் நான் நம்பவில்லை. பெயர் நின்றுவிட்ட பிறகு, அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று ஊர் கட்டிக்கொள்கிற கதைகள் இவை என்றுதான் நினைக்கிறேன். ஒருமுறை அவரிடமே கேட்டேன். “ஆரு வெச்சதெண்டு எனக்கும் தெரியா மகள்” என்றார். “ஒருநாள் பின்னால ஆரோ கூப்பிட்டாங்க. நான் திரும்பிப் பாத்திட்டன். அண்டைக்குத்தான் அது ஒட்டிச்சி.” அழகான பதில். ஆனால் அதுவும் முழுமையான பதில் அல்ல. கூப்பிட்டபோது ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவர்களுக்கும் எங்கள் ஊரில் பெயர் ஒட்டித்தானே இருக்கிறது?

சவளக்கடையில் இரண்டு போகம் வயல் செய்துவிட்டு வந்தவர் ஒருவர் இருந்தார். அவர் சவளக்கடையார் ஆனார். அந்த வயலை ஒருநாளும் கண்டிராத பேரப்பிள்ளைகளும் இன்று சவளக்கடையார் வீட்டுப் பிள்ளைகள். மருதமுனையிலிருந்து, காரைதீவிலிருந்து, வேறு எந்த ஊரிலிருந்தும் மாப்பிள்ளையாக வந்து பெண் வீட்டில் குடியேறுகிற ஆணுக்குச் சொந்தப் பெயர் வாசலோடு கழன்றுவிடுகிறது. இது முஸ்லிம் ஊருக்கு மட்டும் உரியதல்ல, பாண்டிருப்பிலும் இப்படித்தான் என்று ஐயா தலையாட்டுகிறார். நூஹு காக்காவும் மருதமுனையிலிருந்து, சித்தி லைலா என்ற எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டி இங்கே வந்தவர்தான். மருதமுனையில் அவர் இன்னாரின் மகன் நூஹு. இங்கே அப்படிச் சொன்னால் யாருக்குத் தெரியும்?

இந்தச் சங்கத்தின் பெண்கள் பிரிவில் நான் செயலாளர். ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி அனுப்புகிற ஒழுங்குகளைப் பார்ப்பவர்கள் நாங்கள். அறிவித்தலுக்கு விபரம் கொடுப்பதும் எங்கள் வேலை. முதன்முதலில் நான் விபரம் கொண்டுபோனபோது, அடையாள அட்டையில் இருந்த முழுப்பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னேன். நூஹு காக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “செரி மகள். எந்தப் பேருக்கு ஆக்கள் வருவாங்க?” என்றார்.

அந்தக் கேள்வியை அவர் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். வாசலில் நின்று, தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். நம்மிடத்தில் காலையில் மௌத்தானவர் அன்று மதியமே லுஹருக்கோ, பின்னேரம் அஸருக்கோ அடக்கப்பட்டுவிடுகிறார். பிறகு தெரிந்து வருந்துவதற்கு நேரம் இல்லை. அட்டையிலுள்ள பெயரை மைக்கில் சொன்னால், கூட வாழ்ந்தவர்கள்கூட, “ஆரோ மௌத்தாம்” என்றுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். தொழுகைக்கு நிற்கிற வரிசை, அந்த ஸஃப்பு, நிறையாது.

பட்டப்பெயர் சொல்லி அழைப்பது கூடாது என்று பள்ளிவாசலில் பயான் செய்யப்படுகிறது. அதை நூஹு காக்கா மறுக்கவில்லை. “வெச்சது பாவந்தான்” என்பார். “அதுக்காக மௌத்தானவர்ட மையித்தத் தனிய அனுப்பிறதா?”

ஸாலிஹா லாத்தா மௌத்தானபோது அவருடைய மகள்மார் அழுதுகொண்டிருந்தார்கள். இந்தக் கேள்வியைக் கொண்டுபோனேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “கண்ணாடி எண்டே செல்லுங்க. உம்மாக்கும் அதுதான் விருப்பம்” என்று மூத்தவர் சொன்னார். வீடுகள் நெருங்கிய அந்த ஒழுங்கையில் முதன்முதல் மூக்குக் கண்ணாடி போட்ட பெண் அவர். கண்ணில் ஒரு குறையும் இல்லாத பேரனுக்கும் இன்று அந்தப் பெயர்தான். இன்னொரு வீட்டில் மீன்பிடிக்கப் போகிற ஒருவர் மௌத்தானார். அவருடைய பெயரைப் பள்ளி மைக்கில் சொல்லவே முடியாது. இங்கேயும் சொல்லமாட்டேன், சிரிக்காதீர்கள். நூஹு காக்கா மைக்கில் அட்டைப் பெயரைச் சொல்லிவிட்டு, ஓட்டோ தரிப்பிடத்துக்கு நடந்துபோனார். சாரதிமாரைக் கூப்பிட்டு அந்தப் பெயரைக் காதோடு காதாகச் சொன்னார். “மைக்கில செல்ல ஏலாதத வாயால செல்லுங்க மனே. கடக்கரப் பக்கம் ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க.” கடற்கரை முழுவதும் பள்ளிக்கு வந்தது.

இதற்குப் பெயர் சேவை இல்லையா? விருதும் பொன்னாடையும் இல்லாத சேவைக்கு நம்மிடம் வேறு சொல் இருக்கிறதா?

இப்போது அவர் மௌத்தான காலைக்கு வருகிறேன். கடைசி மாதங்களில் அவர் படுக்கையில் இருந்ததால் அறிவித்தல் வேலையை, பாங்கு சொல்வதற்குப் புதிதாக வந்த முஅத்தின் சப்ரி ஏற்றிருந்தார். சப்ரி வெளியூரவர். கொடுத்த விபரத்தைத் திருத்தமாகச் சொன்னார். மருதமுனையைப் பிறப்பிடமாகவும் சாய்ந்தமருதை வசிப்பிடமாகவும் கொண்ட முஹம்மது இஸ்மாயில் முஹம்மது நூஹு காலமானார், லுஹருக்குப் பின் நல்லடக்கம். ஒரு தடவை சொன்னார். மைக்கை நிறுத்தினார்.

நான் அந்த வீட்டில் இருந்தேன். நேரம் போனது. முற்றத்தில் போட்ட கதிரைகள் யாரும் உட்காராமல் அப்படியே கிடந்தன. எதிர் ஒழுங்கையில் இருக்கும் பாத்தும்மா லாத்தா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். “சித்தி லைலா, ஆருகா அந்த நூஹு? நம்மட பக்கத்து ஆளா? உன்ட மனிசன்ட கேட்டாத் தெரியும், அவருக்குத்தானே எல்லார்ட பேரும்...” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், மையித்தின் மேல் போர்த்திய வெள்ளைப் பிடவையைக் கண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸஹீத் எழுந்தார். “நான் பள்ளிக்குப் போறன். ஆக்களுக்கு விளங்கல்ல. அந்தப் பேரச் சேத்து மறுகாச் செல்லச் செல்றன்.”

நஸ்லா மறித்தார். “வேணா மாமா. வாப்பாட மையித்துக்கு மேலயும் அந்தப் பேரா? சின்னதில இரிந்து நான் கேட்டது காணும், போதும். டைம்கீப்பர் எண்டு செல்லுங்க.”

“அவர் பென்சன் எடுத்ததுக்குப் பிறகு எத்தின டைம்கீப்பர் புள்ள?”

“அப்ப, பள்ளியில அறிவித்தல் செல்றவர் எண்டு செல்லுங்க.”

“அது இப்ப சப்ரி. சப்ரி மௌத்தெண்டு சப்ரியே செல்றதா?”

யாரும் சிரிக்கவில்லை. பிறகுதான் அது சிரிப்பாகப் பட்டது. நஸ்லா தலையைக் குனிந்து நின்றார். அவருடைய பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூட வாசலில் அந்தச் சொல்லைச் சுமந்தவர் அவர்தான், நாங்கள் அல்ல. ஒரு பக்கம் அந்தச் சொல். மறுபக்கம் வெறும் கதிரைகள், லுஹருக்கு நெருங்குகிற வெயில், வாப்பாவின் ஜனாஸாவுக்குப் பின்னால் நிற்கப்போகிற ஒன்றோ இரண்டோ ஸஃப்பு. தீர்மானிக்கவேண்டியவர் மகள். வேறு யாரும் அதைத் தீர்மானிக்க முடியாது.

அறைக்குள் இருந்து சித்தி லைலா லாத்தாவின் குரல் வந்தது. 

“மகள், எந்தப் பேருக்கு ஆக்கள் வருவாங்க?”

நஸ்லா சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஸஹீதிடம் சொன்னார். “செல்லச் செல்லுங்க மாமா. ஆனா ஒருக்கா மட்டும்.”

சப்ரி ஒரே ஒருக்கா மட்டும் சொன்னார். கல்முனை பஸ் நிலையத்தில் கடமையாற்றிய, இன்னொருக்கா என்று எல்லோராலும் அறியப்பட்ட நூஹு அவர்கள். அந்த ஒன்று போதுமாக இருந்தது. மீன் சந்தையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மாவடிப்பள்ளி வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்தார்கள். டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு வந்தார்கள். நல்லரெத்தினம் ஐயா தன் மகன் சுஜிந்தனின் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து, படலைக்கு வெளியே நின்று, “நூஹு எண்டாங்கள், நான் வேற ஆரோ எண்டு சாப்பிட இருந்திட்டன் தம்பி” என்று ஸஹீதின் கையைப் பிடித்துக்கொண்டார். கூட வேலை செய்தவருக்கே அப்படி. பள்ளி நிறைந்து, முற்றம் நிறைந்து, வீதியில் நின்று தொழுதார்கள். எத்தனை பேர் என்று எண்ணுவது என் வேலை அல்ல, நான் எண்ணவும் இல்லை.

சபையோரே, இரங்கல் கூட்டங்களில் நாம் பெரிய உறுதிமொழிகளை எடுத்துக்கொள்கிறோம். மண்டபம் பூட்டப்படுவதற்கு முன் அவற்றை மறந்தும்விடுகிறோம். அதனால் பெண்கள் பிரிவின் சார்பில் சிறியதாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். இனி எங்கள் பொறுப்பில் வருகிற ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்போம். தலையைக் குனிந்து கேட்போம், குரலைத் தாழ்த்திக் கேட்போம். வேண்டாம் என்று குடும்பம் சொன்னால், நூஹு காக்கா செய்ததைப் போல வேறு வழி தேடுவோம். எந்த மையித்தையும் தனியே அனுப்பமாட்டோம். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, எனக்குத் தெரியும். எங்கள் முறை வரும்போது யாராவது வாசலில் நின்று கேட்கவேண்டும் அல்லவா?

அவருடைய பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவருடைய கபுறை விசாலமாக்கி வைப்பானாக.

நல்லடக்கத்துக்கு அடுத்த நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அன்று காலை பக்கத்து ஒழுங்கையில் ஒரு தாய் மௌத்தானார். சப்ரி விபரத்தை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. வாசலில் நின்று, வெளியூர்ப் பேச்சில், “எந்தப் பெயருக்கு ஆட்கள் வருவாங்க?” என்று கேட்டாராம். அறிவித்தல் நேரத்தில் நான் நஸ்லாவின் வீட்டில் இருந்தேன். அவர் கிணற்றடியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அறிவித்தல் வந்தது, முடிந்தது. மைக் நிற்கவில்லை. ஒரு சிறு இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சப்ரி, “இன்னொருக்கா சொல்றன்” என்றார்.

பகலுக்குள் ஓட்டோ தரிப்பிடத்தில் சப்ரிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சின்ன இன்னொருக்கா. வைத்தது யார் என்று கேட்டேன். ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினார்கள்.

நஸ்லா என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கண்டதை மட்டும் சொல்கிறேன். சப்ரி அதைச் சொன்னதும் அவர் குழாயை மூடினார். கையில் நீர் வடிய நின்று, இரண்டாவது தடவையையும் முழுமையாகக் கேட்டார்.