குறை சொல்ல ஒரு வீடு

நாலு வீட்டுக் கதை காதில் விழாத நாளில் எனக்குக் காபி ருசிக்காது, ஐயா. உத்திரமேரூர் பக்கம் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரியும். அதனால்தான் ராணுவத்தாருக்கான வானொலி நிகழ்ச்சியில் குரல் பதிவு செய்யும் வேலை கிடைத்தது. செல்போன் எட்டாத மலையில் காவல் நிற்கும் பிள்ளைகளுக்கு வீட்டார் பேசுவதைப் பிடித்து அனுப்ப வேண்டும்.

மக்கள் வரிப்பணத்தில் ஓடும் நிகழ்ச்சி. தேர்தல் சமயத்தில் ஒரு வீட்டார் ஆட்சியைப் புகழ்ந்தால், இன்னொரு வீட்டாரின் குறையும் வர வேண்டும். பெயரோடு. நிலபுலன்காரர் பஞ்சாட்சரம், மகன் வினோத்குமாருக்குச் சேதி சொல்லும் சாக்கில் ஆளுங்கட்சிக்கு ஆரத்தியே எடுத்துவிட்டார். குறை சொல்ல ஆள் தேடினேன்.

ஆதிலட்சுமியின் மகனும் பட்டாளத்தில்தான். அவளைக் கேட்டேன்.

"உனுக்கு வேற பேஜாரே கெடைக்கலியா வளரு? எங்க வூட்டுக்காரு கச்சி வேட்டியோட தூங்கிக்கினு கீறாரு. நான் கொற சொன்னா நாளைக்கு நாஷ்டா எறங்குமா?"

மிச்சம் இருந்தது ஏரிக்கரை ஓரத்து இருளர் குடிசை. கேசவன், பஞ்சாட்சரத்தின் கழனியில் கூலி. மகன் சூர்யா எல்லையில். தங்கச்சிக்குக் கல்யாணம், லீவு போட்டு வா என்று சொல்லி முடித்தான். "அவ்ளோதான் கேசவா" என்றேன். கருவியை நிறுத்தவில்லை. குடிசைக்கு லைட் வந்ததா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"கம்பம் நட்டாங்கோ. மொதலாளிதான் தன் கயனி மேல கம்பி போவக்கூடாதுன்னு கச்சிக்காரங்கள வுட்டு நிறுத்திட்டாரு. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதம்மா. வூட்டக் கொளுத்திடுவாங்கோ."

கடைசி இரண்டு வரியை வெட்டினேன். நேரம் கூடிப்போனது.

ஒலிபரப்புக்கு முன்பே பஞ்சாட்சரம் வீட்டுக்குப் போய் அதைப் போட்டுக் காட்டினேன். எதிர்த் தரப்புக்குத் தெரிவிப்பது முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வாய் அரித்தது. சொல்லவே கூசுகிறது, ஐயா.

ஞாயிறு காலை ஒலிபரப்பானது. உச்சி வெயிலில் மூன்று பேர் மண்ணெண்ணெய் கேனோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்கள். என் புத்திதான் தெரியுமே, பின்னாலேயே போனேன். கேசவன் கழனியில் இருந்தான். அவன் மனைவி சின்னபொண்ணு காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தது எனக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. அவள் வெளியே வரவில்லை.

கல்யாணத்துக்கு எடுத்த லீவில் சூர்யா அம்மாவின் காரியத்துக்கு வந்தான்.

"எங்க நைனா யாரப் பத்தியும் அப்பிடிப் பேசமாட்டாரேக்கா" என்றான்.

"தானாத்தான் சொன்னான்பா" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

விசாரணைக்கு வந்த நீங்கள் தீ வைத்தவர்களின் பெயரைக் கேட்கிறீர்கள். மூன்று பேரையும் தெரியும். வாக்கு எண்ணி முடியட்டும், ஐயா. இப்போது சொன்னால் நான் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும்.