பக்கத்துக் கடைமேல் போட்ட மனு

கூடுவாஞ்சேரி போகும் மின்சார ரயிலில் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேலே இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் டீக்கடைக்காரர்.

"என் கடைய இடிச்ச ஜேசிபிய கூட்டினு வந்ததே நான்தான் மச்சான்" என்றார் அவர்.

மற்றவர் சிரித்துவிட்டார். "இன்னாடா சொல்ற?"

"பக்கத்து மெஸ் அண்ணன் தகர ஷீட்ட நடைபாதை மேல நீட்டிட்டாரு. என் கடையே ரோட்டுக்குத் தெரியல. மாநகராட்சில மனு குடுத்தேன். வந்தானுங்க. டேப்ப வெச்சி தெரு முழுக்க அளந்தானுங்க."

"அப்ப அவரோடதுதான போவணும்?"

"அவரு பத்து நிமிசத்துல ஷீட்ட கழட்டி உள்ள வெச்சிட்டாரு. என்னோடது கால்வா மேல போட்ட சிமெண்டு மேடை. கழட்ட முடியுமா? ரெண்டு நாள் டைம் கேட்டேன். மனு வந்துகீது, நாங்க இன்னா பண்றதுன்னான்."

"பாய்லரு, அடுப்பெல்லாம்?"

"மெஸ் அண்ணன்தான் உள்ள எடுத்து வெச்சிகினாரு. மூணு வேளையும் அவரே சோறு போடுறாரு."

"மனு விஷயம் அவருக்குத் தெரியுமா?"

பெருங்களத்தூரில் வண்டி நின்றது. இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்ட பிறகுதான் டீக்கடைக்காரர் பதில் சொன்னார்.

"தெரியாது. மனு போட்டவன் எவன்னு கேக்க நாளைக்கு மண்டல ஆபீசுக்குப் போறாரு. தொணைக்கு என்னியத்தான் கூப்ட்டுகீறாரு."