அறுபது தடவை திறந்தவர்

பூண்டியிலிருந்து கொடைக்கானல் போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன்சீட்டிலிருந்த பெண், பக்கத்திலிருந்தவரிடம், "இந்த மலையிலயே எங்க ஆப்பை அதிகமாத் தொறந்தது நீங்கதாண்ணே. உங்களத் தேடித்தான் வந்தேன்," என்றாள். கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் லேப்டாப். பயிரைப் படமெடுத்து அனுப்பினால் என்ன நோய், என்ன மருந்து என்று சொல்லும் ஆப் என்பது பேச்சிலிருந்து புரிந்தது. அவர் வெள்ளைப்பூண்டு போடுகிறவர். குரங்குக் குல்லாவைக் கழற்றவே இல்லை.

"ஒரே வாரத்துல அறுபது தடவை தொறந்திருக்கீங்க. ஆபீஸ்ல எல்லாரும் கைதட்டுனாங்க."

"பூடு தாளெல்லாம் மஞ்சளடிச்சுப் போச்சுன்னு போட்டோ அனுப்புனேன்மா. பதில் வந்துருச்சான்னு தொறந்து தொறந்து பாத்தேன்."

"வந்துச்சா?"

"உங்கள் கேள்வி பரிசீலனையில் உள்ளதுன்னே கெடந்துச்சு."

அவள் ஏதோ தட்டினாள். "அப்புறம் நீங்க தொறக்கவே இல்ல. ஏன்னு கேட்டு எழுதத்தான் என்னைய அனுப்பியிருக்காங்க. மூணு காரணம் குடுத்திருக்காங்க. பயன்படுத்தத் தெரியல, பிடிக்கல, பிரச்சினை தீர்ந்துருச்சு. எதைப் போடட்டும்?" சிரித்த முகமாகத்தான் கேட்டாள்.



"வேரோட அழுகிருச்சு. காட்டை உழுது போட்டுட்டேன். இப்பப் பூடும் இல்ல, சீக்கும் இல்ல. தீர்ந்துருச்சுன்னே போட்டுக்கங்க."

"நன்றிண்ணே," என்று சொல்லி அவள் அதையே போட்டாள்.