தானாக நகரும் மேஜை

காப்பியை முதலில் குடித்துவிடுங்கள், ஐயா. ஆறிப்போனால் ஏடு படிந்துவிடும். நான் எங்கும் ஓடப் போவதில்லை. சூரமங்கலத்திலிருந்து வெயிலில் நடந்து உங்களைத் தேடி இந்த ஸ்டேஷனுக்கு வந்தவனே நான்தான்.

என் பெயர் வீரபாகு. கைலாசம் முதலாளியின் பட்டறையில் ஃபிட்டர். ரயில் ஜங்ஷனுக்குப் பின்னால் ஆயில் எஞ்சின் சத்தம் நாளெல்லாம் கேட்குமே, அந்தப் பட்டறைதான். விஜயதசமி காலையில் அங்கே செத்துப்போன செங்கோடன் என் மனைவி சௌந்திரத்தின் தம்பி. விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

எங்கள் மில்லிங் மிஷினை நீங்கள் பார்த்தீர்கள். மேலே பல் வைத்த கட்டர் சுற்றும். கீழே மேஜையில் இரும்பைப் பிடித்து வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி மேஜையை நகர்த்தினால் கட்டர் இரும்பைச் சீவிக்கொண்டே வரும். கை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கொஞ்சம் வேகம் கூடினாலும் குறைந்தாலும் இரும்பின் முகத்தில் அலை விழுந்துவிடும். ஜெர்மன் சண்டை தொடங்கி ராணுவ வேலை வந்ததிலிருந்து அந்தக் கைப்பிடியைச் சுற்றியவன் நான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகத் தோள் தூக்காது.

அதனால் மேஜை தானாக நகர ஒரு வழி செய்தேன். பவர் ஃபீட் என்பார்கள். உடைந்த லாரி ஒன்றின் ஸ்டீரிங் பெட்டியைப் பிரித்துப் பல்சக்கரம் எடுத்தேன். மேலே ஓடும் பெரிய ஷாஃப்டிலிருந்து பெல்ட் இறக்கி, மிஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஷாஃப்டைச் சுற்ற வைத்தேன். முன்னால் ஒரு நெம்புகோல். மேலே தள்ளினால் ஓடும், கீழே இழுத்தால் நிற்கும். அதன் அடியை ஒரு ஸ்பிலிட் பின் பிடித்திருந்தது. துளையில் செருகி, அதன் இரண்டு காலையும் விரித்துவிட்டால் ஆயுசுக்கும் கழலாது. சின்ன ஷாஃப்டின் இணைப்பில் போல்ட் தலைகள் துருத்திக்கொண்டிருக்கும். வேட்டியும் துண்டுமாக வேலை செய்கிற ஊர் இது. ஆகவே தகரத்தில் ஒரு மூடியும் அடித்து மாட்டினேன். இவ்வளவு யோசித்துச் செய்தவன் நான். இதை மறந்துவிடாதீர்கள்.

முதல் முறை ஓடியபோது இரும்பின் முகம் கண்ணாடியாக வந்தது. ராணுவத்திலிருந்து துரை ஒருவர் பார்க்க வந்தார். கைலாசம் முதலாளி அந்த மேஜை மேல் கை வைத்துக்கொண்டு, "நானே ரோசனை பண்ணி ஊட்ல உக்காந்து படம் போட்டதுங்க" என்றார். நான் பின்னால் எண்ணெய்க் குவளையோடு நின்றிருந்தேன். துரை அவர் கையைக் குலுக்கினார். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது, ஐயா. இப்போது சொல்லும்போதும் வருகிறது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இனி மிஷினு தானா பாத்துக்கும் வீரபாகு. அதுக்கு உன்னாட்ட ஆளு எதுக்கு? செங்கோடன் நிக்கட்டும். நீ போயி அரம் ராவு." செங்கோடனை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டதே நான்தான். வெண்ணந்தூரில் அப்பனோடு தறியில் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தவன். அவனும் சும்மா இருக்கவில்லை. நான் அரம் ராவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, "இதுல என்ன மாமா இருக்குது? கோலைத் தள்ளுனா அது பாட்டுக்குப் போவுது" என்றான். சின்னப் பேச்சு. நான் சிரித்துவிட்டேன். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருத்தம் எல்லாம் முதலாளிமேல்தான். ஆயுத பூசையன்று மிஷின்கள் ஓடாது. மறுநாள் விஜயதசமி காலையில் முதலாளி புது வேட்டி, தோளில் புதுத் துண்டோடு வந்து முதலில் ஒரு மிஷினை ஓட்டித் தொடங்கி வைப்பார். ஓடத் தொடங்கியதும் குனிந்து, அதன் பக்கவாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எங்கள் பட்டறை வழக்கம் அது. குனிந்தால் துண்டின் நுனி எங்கே தொங்கும் என்று நான் பார்த்து வைத்திருந்தேன்.

துண்டை நானே கொடுத்தேன். வெண்ணந்தூர் போய் மாமனாரிடம், முதலாளிக்கு மரியாதை செய்ய வேண்டும், நெருக்கமாக நெய்து தாருங்கள் என்று கேட்டேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "நம்ம பையனுக்குச் சோறு போடற புண்ணியவானுங்க. ரெட்டை நூலு போட்டே நெய்ஞ்சு தாரேன் சாமி. இழுத்தாலும் கிழியாது" என்றார். நூல் கிடைக்காத காலத்தில் எங்கெங்கோ அலைந்து வாங்கி நெய்து கொடுத்தார்.

பூசையன்று எல்லாரும் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டிருந்தபோது, மிஷினுக்குச் சந்தனம் பூசுகிற சாக்கில் தகர மூடியைக் கழற்றி வைத்தேன். நெம்புகோல் பின்னின் கால்களைக் குறடால் நேராக்கி உருவி மடியில் செருகிக்கொண்டேன். பின் இல்லாவிட்டாலும் கோலை மேலே தள்ளினால் பிடித்துக்கொள்ளும். கீழே இழுத்தால் வெறுமனே ஆடும்.

காலையில் சூடம் காட்டினார்கள். முதலாளி நான் கொடுத்த துண்டோடு மிஷின் முன்னால் வந்து நின்றார். நின்றவர் திரும்பி, "செங்கோடா, இங்க வா. ராணுவ வேலை பூராவும் நீதான இழுக்கறே. இந்த வருசம் நீயே தொடங்கு" என்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் கழுத்தில் மாலையாகப் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். பையன் முகம் சிவந்துபோய் என்னைப் பார்த்தான்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்து என்ன சொல்வது? பொறு, பின் இல்லை என்றா? என் வேலையில் பின் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் நானே சொல்வதா? யோசித்துப் பாருங்கள். அதுவும் அந்த இடத்தில் நின்று கைதட்டல் வாங்கியது நான் இல்லை.

அவன் கோலைத் தள்ளினான். மேஜை நகர்ந்தது. அழகாக நகர்ந்தது. குனிந்து தொட்டான். துண்டின் நுனி போல்ட் தலையில் மாட்டிச் சுற்றியது. இழுப்பது தெரிந்ததும் கோலைக் கீழே இழுத்தான். அது ஆடியது. பெல்ட்டை விலக்கி மிஷினை நிறுத்தும் கட்டை நான் நின்ற தூணிலேயே இருந்தது. ஒரு தள்ளு போதும். "மாமா, கட்டைய..." என்றான். நான் தள்ளினேன், எல்லாரும் பார்த்தார்கள். அவசியம் இல்லாமல் போன பிறகு தள்ளினேன். துண்டு கிழியவே இல்லை.

சும்மா இருந்திருப்பேன். சௌந்திரம் அழுதாள், நானும் அழுதேன், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் உங்களோடு விசாரணைக்கு வந்த ஃபேக்டரி அதிகாரி மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அரைகுறை வேலை. பின்னை ஒழுங்காகப் போடவில்லை, ஓட்டத்தில் கழன்று விழுந்திருக்கிறது" என்றார். யார் பொருத்தியது என்று கேட்டார். அப்போது மட்டும் முதலாளி என்னைக் கை காட்டினார்.

போகட்டும். அதோடு விட்டாரா? என் தோளில் தட்டி, "உடு வீரபாகு. பழகாத வேலை, கை தப்பிப்போச்சு. நான் உன்மேல கேசு கீசு போடல" என்றார். மன்னிக்கிறாராம். நேற்று அந்தப் பவர் ஃபீட்டைப் பிரித்துக் கழிவு இரும்போடு போட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் சௌந்திரமும் தலையைத் தடவி, "தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, மனசைத் தேத்திக்கங்க" என்கிறாள். எல்லாரும் மன்னிக்கிறார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

இதோ பின். விளக்கருகே வைத்துப் பாருங்கள். எங்கேயாவது தேய்ந்திருக்கிறதா? காலில் குறடு பிடித்த தழும்பு தெரிகிறதா? தானாகக் கழன்றதில் அந்தத் தழும்பு இருக்காது. கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தூக்கோ என்னவோ, உங்கள் பாடு. ஆனால் யாரையாவது அனுப்பி சௌந்திரத்திடம் மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா. பாவம், அவள் இன்னும் தன் புருஷனுக்கு வேலை தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.