வெள்ளிக்கிழமை மீன்

தேநீர் போதும், சேர். அந்த மாலுபாணை மட்டும் எடுத்துவிடுங்கள். உள்ளே மீன் இருக்கும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை; எங்கள் வீட்டில் வெள்ளியில் மீன் மச்சம் புழங்குவதில்லை.

கீழ்வீட்டு ஹமீட் நஞ்சு போட்டு மீன் பிடித்தார் என்று பிடித்து வைத்திருக்கிறீர்கள். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

புறக்கோட்டையில் எனக்குப் பூச்சிமருந்துக் கடை. தடைசெய்த மருந்து கொஞ்சம் விற்காமல் கிடந்தது. சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் போத்தல்களை வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமான் அறையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து மகள் ஹம்சிகா பிள்ளை பெற்று, வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வந்தாள். பச்சைப்பிள்ளை தூங்குகிற வீட்டில் நஞ்சு வைத்திருக்கலாமா? பேத்தியின் முகத்தைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. போன வெள்ளி காலையிலேயே எல்லாவற்றையும் பின்பக்கத்துக் கால்வாயில் ஊற்றினேன்.

அதையும் யோசிக்காமல் செய்யவில்லை. கால்வாய் கடலில் விழுகிற இடத்தில் மீன் பிடிப்பார்கள் என்று தெரியும். அதனால்தான் வெள்ளிக்கிழமையாகப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் அன்றைக்கு மீன் வாங்க ஆளில்லை. சனி விடிவதற்குள் கடல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். ஆனால் ஹமீட் வீட்டாருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். பிள்ளை பெற்றவளின் பத்தியத்துக்கும் வெள்ளி செவ்வாய் கிடையாது. பால் சுரக்க மீன் கொடுத்தே ஆகவேண்டும். அது எனக்கு நினைவில் வரவில்லை. ஆம்பிளைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

மத்தியானத்துக்கு முன் ஹமீட்டின் மனைவி ஷஹீமா ஒரு சட்டியோடு படியேறி வந்தார்.

"இவர் கால்வாய் வாயில புடிச்சிட்டு வந்த, அங்கிள். மீனெல்லாம் மேலுக்கு வந்து நிண்ட, கையாலயே அள்ளின. ஹம்சிகாட பத்தியத்துக்கு நல்லம்."

சட்டிக்குள் பார்த்தேன். மணலை மீன்கள், வாய் பிளந்து செவுள் விரிந்து கிடந்தன. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். பிறகு ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே மனைவி நேசமலர் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நல்லாக் கழுவிச் சமையுமப்பா," என்றேன். குசினிவரை போய்த் திரும்பவும் சொன்னேன். அவ்வளவு அக்கறை எத்தனை தகப்பனுக்கு இருக்கும்?

நாங்கள் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டோம். ஹம்சிகா மிளகும் உள்ளியும் போட்ட மீன்கறியைச் சோற்றில் குழைத்தாள். "நல்ல ருசியம்மா, இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்று கேட்டு வாங்கினாள். நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்தேன்.

பின்னேரம் அவளுக்கு வாயில் நுரை தள்ளியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னிடம்தான் கேட்டார்.

"வீட்டில பூச்சிமருந்து ஏதும் வச்சிருக்கிறீங்களா? பேரைச் சொன்னா உடன வைத்தியம் செய்யலாம்."

"இல்லை டொக்டர்," என்றேன். அது பொய்யில்லை, சேர். காலையிலேயே ஊற்றி முடித்துவிட்டேனே.

கீழ்வீட்டார் வயிற்றோட்டத்தோடு தப்பிவிட்டார்கள். ஹம்சிகாவின் தையல் ஆறாத உடம்பு தாங்கவில்லை. அன்றைக்குப் பேத்தி நல்ல தூக்கம், பால் குடிக்கவில்லை. அது கடவுள் செயல். இப்போது போத்தல் பால்தான் கொடுக்கிறோம்.

பெயர் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் பிறகு சொன்னார். பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள்: சண்முகலிங்கம் ஆகிய நான்தான் கால்வாயில் ஊற்றினேன், சட்டியைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டேன். கொலை என்று மட்டும் எழுதவேண்டாம், சேர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அந்த மீனை நான் கையால்கூடத் தொடவில்லை.